வேலை கேட்டவரின் முகநூலைத் துருவும் முதலாளி: சட்டம் எங்கே நிற்கிறது?

ஆரணிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தார். வணிகவியல் பட்டதாரி, டேலி படித்தவர். பட்டுச் சேலை வணிகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கர் வேலைக்கு நேர்காணல் முடித்திருந்தார். திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளும்படி வாய்மொழியாகச் சொல்லியும் அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, அவரைப் பரிந்துரைத்த தரகருக்கு நிறுவனத்திலிருந்து ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு வந்தது. "பையன் கணக்குல கெட்டிதான். ஆனா அவன் பேஸ்புக்கைப் பாத்தோம். முழுக்க அம்பேத்கர் படம், நீலக்கொடி. நமக்குச் சரிப்பட்டு வராது, வேற ஆள் இருந்தா சொல்லுங்க." தரகர் அதைச் சங்கடத்தோடு இளைஞருக்கே அனுப்பிவிட்டார்.

"இதுக்குக் கேஸ் போட முடியுமாண்ணா?" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. முடியும் என்றோ முடியாது என்றோ ஒரே சொல்லில் நான் பதில் சொல்லவில்லை. அன்று அவரிடம் துண்டு துண்டாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வேலை தேடும் மாணவர்களுக்கும் அவர்களுக்காகக் காவல் நிலையப் படியேறும் தோழர்களுக்கும் பயன்படக்கூடும்.

பெயரில் இல்லாததைத் திரையில் தேடுதல்

1929-ஆம் ஆண்டு செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடத் தீர்மானித்தது. அதன் பயனாக, விண்ணப்பத்திலுள்ள பெயரைக் கொண்டு மட்டும் ஒருவரின் சாதியைக் கண்டுகொள்வது வட மாநிலங்களில் இருக்கும் அளவுக்குத் தமிழ்நாட்டில் எளிதன்று. வடக்கே பெயர் என்ன செய்கிறது என்பதைச் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆங்கில நாளேடுகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்குத் தகுதி சமமான 4,808 விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினார்கள். பெயர் மட்டுமே வேறு. தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயர் கொண்டவற்றோடு ஒப்பிட ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. முஸ்லிம் பெயர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான்.

இங்கே பெயர் சொல்லாததை வேறு அடையாளங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. முகவரியில் 'காலனி' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் அறிவிக்க நேர்ந்ததே அதன் சுமையைக் காட்டும். நேர்காணலில் 'எந்தத் தெரு', 'குலதெய்வம் எது' என்ற விசாரிப்புகள் உண்டு. இப்போது அவற்றைக் கேட்கும் சங்கடம்கூட முதலாளிக்கு இல்லை. வாட்ஸ்அப் முகப்புப் படம், ஏப்ரல் 14 அன்று வைத்த ஸ்டேட்டஸ், ஊர்த் திருவிழாப் பதாகையின் ஒளிப்படம், நண்பர் பட்டியல் ஆகியவற்றைப் புரட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. அமெரிக்காவில் அக்விஸ்டி, ஃபாங் என்ற இரு ஆய்வாளர்கள் போலிச் சமூக ஊடகப் பக்கங்களை உருவாக்கி 4,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தார்கள். விண்ணப்பத்தில் மதம் இல்லை. பக்கத்தைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். குடியரசுக் கட்சி வலுவாக உள்ள பகுதிகளில் முஸ்லிமாகத் தோன்றியவருக்கு, கிறித்தவராகத் தோன்றியவரைவிடக் குறைவான அழைப்புகளே வந்தன.

ஆரணியின் சந்தை

பெருநகர மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளத் துறையை மனத்தில் வைத்து எழுதப்படும் சட்டக் கட்டுரைகள் ஆரணிக்குப் பொருந்தா. இங்கே வேலை என்பது பெரும்பாலும் பணி நியமன ஆணை இல்லாத வேலை. பட்டு முதலாளி நூலும் ஜரிகையும் பாவும் கொடுப்பார். நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து சேலையாகத் திருப்பித் தருவார். கூலி சேலைக் கணக்கில் வரும். இடையில் முன்பணம் என்ற கண்ணி உண்டு. நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட சமூகங்களோடு, கடந்த சில பத்தாண்டுகளில் சுற்றுக் கிராமங்களின் தலித் குடும்பங்களும் தறியில் அமர்ந்திருக்கின்றன. பெரும்பாலும் கூலி நெசவாளர்களாக.

பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்ற பொருளியலாளர் 1973 முதல் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரே ஊரை ஆராய்ந்திருக்கிறார். 2016-இல் அந்த ஆய்வுகள் தனி நூலாகவே வந்தன. இத்தகைய சந்தை நகரங்களில் அரசின் சட்டத்தைவிடச் சாதியும் வணிகச் சங்கங்களும்தான் வணிகத்தை ஒழுங்குபடுத்துகின்றன என்பது அவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. அந்த ஒழுங்குபடுத்தல் இன்று வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்று மட்டும் நான் சேர்த்துச் சொல்வேன். ஒரு முதலாளி ஒருவரை 'சரிப்பட்டு வராது' என்று குழுவில் எழுதினால் அடுத்த தெருவிலும் அவருக்குக் கதவு திறக்காது.

சட்டத்தின் ஓட்டை

நம் தோழர்கள் பலர் ஏற்க விரும்பாத உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியார் நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சாதி பார்க்கக் கூடாது என்று நேரடியாகவும் முழுமையாகவும் கூறும் உரிமையியல் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசமைப்பின் 16(2) அரசு வேலைக்கு மட்டுமே பொருந்தும். எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் வேலையில் பாகுபாட்டைத் தடை செய்கின்றன. ஆட்சேர்ப்பில் ஆண் பெண் பாகுபாட்டை 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டமே தடுத்தது. சாதிக்கு மட்டும் அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே கதைதான். 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு அளித்த வரைவும் 2019-ஆம் ஆண்டு மசோதாவும் சாதி, பழங்குடி அடையாளம், அரசியல் நம்பிக்கை ஆகியவற்றை 'நுண்ணுணர்வுத் தரவு' என்று தனியே வகைப்படுத்தின. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே காணாமற்போனது. இரத்த வகையும் சாதியும் இப்போது ஒரே தட்டில் இருக்கின்றன. மேலும், ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று பிரிவு 3 சொல்கிறது. சமூக ஊடகத்தில் கருத்து எழுதுபவரைத்தான் அதற்கு எடுத்துக்காட்டாகவும் தருகிறது. வேலைவாய்ப்பு நோக்கத்துக்காகத் தரவைக் கையாள ஒப்புதல் தேவையில்லை என்பது பிரிவு 7 தரும் இன்னொரு சலுகை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். ஆகவே, பூட்டப்படாத முகநூல் பக்கத்தை முதலாளி பார்த்தார் என்பதற்காக மட்டும் தரவுச் சட்டத்தின் கீழ் எதுவும் செய்ய இயலாது.

கடவுச்சொல் கேட்பது வேறு. 2011-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் கடவுச்சொல்லை நுண்ணுணர்வுத் தரவாகக் கருதுகின்றன. வாங்கிவைத்த கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. நேர்காணல் மேசையில் "போனைக் கொடுங்க, இன்ஸ்டாவைத் திறங்க" என்று கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2012-இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

பார்த்தவர் பார்க்காதவர் ஆக முடியாது

குற்றவியல் சட்டத்தில் நமக்கு வலுவான கருவிகள் இருக்கின்றன. காவல் நிலையங்கள் அவற்றை அதிகம் எடுப்பதில்லை. நம்மில் பலரும் அவற்றைக் கேட்பதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டு புதிய குற்றங்களைச் சேர்த்தது. பிரிவு 3(1)(இசட்ஏ)(இ): பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் எந்தத் தொழிலையும் வணிகத்தையும் வேலையையும் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ மேற்கொள்வதைத் தடுத்தல். பிரிவு 3(1)(இசட்சி): சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பு விதித்தல், அல்லது விதிப்பதாக மிரட்டுதல். பொருளாதாரப் புறக்கணிப்பு என்றால் என்ன என்பதைப் பிரிவு 2(1)(பிசி) விளக்குகிறது. கூலிக்கு வேலை கொடுக்கவோ வணிகம் செய்யவோ மறுத்தல், வாய்ப்புகளை மறுத்தல், வழக்கமாகப் பிறருக்குத் தரும் நிபந்தனைகளில் தர மறுத்தல், தொழில் உறவைத் துண்டித்தல் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். 'இனி அவனுக்குப் பாவு கொடுக்காதே' என்ற ஒற்றை வரி இந்த வரையறைக்குள் அப்படியே வந்து அமர்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை.

1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைப் பழையது என்று ஒதுக்கிவிடுகிறோம். அதன் பிரிவு 4, தீண்டாமையின் பேரில் ஒருவரைத் தொழிலிலிருந்தோ வேலையிலிருந்தோ விலக்குவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை அற்பம்தான்: ஒன்று முதல் ஆறு மாதம், 500 ரூபாய்க்கு மேற்படாத அபராதம். ஆனால் பிரிவு 12-ஐப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் அச்செயல் தீண்டாமையின் பேரிலேயே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் ஊகிக்க வேண்டும். இல்லை என்று மெய்ப்பிப்பது எதிரியின் பொறுப்பு. "நாங்கள் கட்சிக் கொடிக்காகத்தான் வேண்டாம் என்றோம், சாதிக்காக அன்று" என்பதே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்பப் போகும் முதல் வாதம். அரசியல் சார்பைக் காரணம் காட்டித் தனியார் முதலாளி வேலை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் இல்லை என்பதும் உண்மை. அந்த வாதத்தின் எடையை அவர் தோளுக்கே மாற்றுவது இந்தப் பிரிவு 12-தான்.

முதலாளிகளின் இரண்டாவது வாதம், "அவர் என்ன சாதி என்றே எங்களுக்குத் தெரியாது" என்பது. பெயரில் சாதி இல்லாத தமிழ்நாட்டில் இது நெடுங்காலம் நல்ல கேடயமாக இருந்தது. முகநூலைத் துருவியவர் அந்தக் கேடயத்தைத் தாமே கீழே போட்டுவிடுகிறார். ஏப்ரல் 14 ஊர்வலப் படத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததைச் சொல்லியும் விட்டு, அதன் பின் ஒருவரை விலக்கினால், அறியாமை என்ற வாதம் நிற்காது. எதிரிக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால் சாதியும் தெரிந்திருந்ததாகவே ஊகிக்க வேண்டும் என்று வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 8(சி) கூறுகிறது. சிற்றூர்களைச் சுற்றியுள்ள தொழில்களில் இந்த ஊகம் எளிதாகப் பொருந்தும். முதலாளிக்கு நெசவாளர் வீட்டுத் திண்ணைவரை தெரியும். நிறுவனங்களுக்கு அறிவுரை சொல்லும் வழக்கறிஞர்கள் உலகெங்கும் சொல்வதும் இதுதான்: தேர்வு செய்பவர் விண்ணப்பதாரரின் பக்கத்தைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் பார்க்காதவர் ஆக முடியாது.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். புகார் என்றவுடன் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளை எழுதுவது வழக்கமாகிவிட்டது. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தினால்தான் அவை பொருந்தும். தரகருக்குத் தனியாக அனுப்பிய குரல் பதிவு அப்படிப்பட்டது அன்று. 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்கு சுவர்களுக்குள் பேசியதை இப்பிரிவிலிருந்து விலக்கியதைக் காட்டி எதிர்த்தரப்பு வழக்கையே உடைக்கப் பார்க்கும். பொதுவெளியில் பதிவிட்டிருந்தால் நிலைமை வேறு. முகநூல் பதிவும் பொதுப் பார்வையே என்று 2017-இல் தில்லி உயர் நீதிமன்றமும், இணையத்தில் ஏற்றிய காணொளிக்கும் அவ்வாறே என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் கூறியுள்ளன.

வேலையில் இருப்பவர்கள்

ஏற்கெனவே பணியிலிருப்பவரைப் பதிவுக்காக நீக்குவது தனிக் கேள்வி. இதில் அண்மைக்காலத்தின் சிறந்த தீர்ப்பு நம் மாநிலத்திலிருந்தே வந்தது. தமிழ்நாடு கிராம வங்கியின் அலுவலக உதவியாளர் ஒருவர், தொழிற்சங்கச் செயற்பாட்டாளர், ஊழியர்களின் தனி வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்தார். குற்றக் குறிப்பாணை வந்தது. 2023-இல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். மேலதிகாரிகள் மீதான மனக்குமுறலைக் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு உரிமை உண்டு, இருவர் தனியே பேசிக்கொள்வது நடத்தை விதிகளுக்குள் வராது என்றால் வரையறுத்த சிலர் மட்டும் உள்ள குழுவில் பேசுவதும் வராது என்பது தீர்ப்பின் சாரம். நிறுவனத்தின் நற்பெயர் கெடும் நிலை வந்தால் நிர்வாகம் தலையிடலாம் என்ற எல்லையையும் அது வைத்தது. 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம், ஓய்வுபெறச் சில நாள்களே இருந்தபோது முகநூல் பதிவு முதலிய காரணங்களுக்காக இடைநீக்கம் செய்யப்பட்ட மீன்வளத் துறை ஊழியரின் பக்கம் நின்றது. அரசு ஊழியர் பேச்சுரிமையை இழந்தவர் அல்லர் என்றது.

இந்தப் பாதுகாப்பு நிரந்தரப் பணியாளருக்கு எளிதாகக் கிடைக்கிறது; தற்காலிகப் பணியாளருக்குக் கிடைப்பது அரிது. 2022 செப்டம்பரில் வாரணாசியின் மகாத்மா காந்தி காசி வித்யாபீடத்தில், நவராத்திரியில் பெண்கள் விரதமிருப்பதைவிட அரசமைப்புச் சட்டத்தைப் படிப்பது நல்லது என்ற பொருளில் பதிவிட்ட தலித் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் உடனடியாக நீக்கப்பட்டார். விசாரணை, விளக்கம் கேட்கும் அறிவிப்பு என்ற படிகளெல்லாம் கௌரவ விரிவுரையாளருக்கு ஏது?

கூலி நெசவாளர் 'தொழிலாளி' ஆவாரா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உருப்படிக் கூலிக்குத் தைக்கும் தையற்காரர்களும் பணியாளர்களே என்று 1973-இல் சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பிறகும், பழிவாங்கும் நோக்கிலான பணிநீக்கம் முறையற்ற தொழில் நடவடிக்கையாகவே அதன் அட்டவணையில் நீடிக்கிறது. வீட்டுத் தறியில் நெய்பவருக்கு இத்தீர்ப்பை நீட்டிக்க வேண்டுமானால் நூல், வடிவமைப்பு, தரம் எல்லாம் முதலாளியின் கட்டுப்பாட்டில் இருப்பதைக் காட்டும் பாவுச் சீட்டையும் கூலிக் குறிப்பேட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

தலித் கிறித்தவக் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாக, தேவாலயத்தில் எடுத்த ஒளிப்படம் சாதிச் சான்றிதழையே கேள்விக்குள்ளாக்கப் பயன்படுத்தப்படலாம். இராமநாதபுரத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் சான்றிதழ், அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியதைக் கண்ட அதிகாரிகளால் ரத்தானது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மீட்டளித்தது. அன்று அதிகாரிகள் சுவரைப் பார்க்க நேரில் போக வேண்டியிருந்தது.

சான்றைக் காப்பது எப்படி

இத்தகைய வழக்குகள் சட்டம் இல்லாததால் தோற்பதைவிடச் சான்று அழிந்ததால் தோற்பதே அதிகம். குரல் பதிவோ செய்தியோ வந்த கைப்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் ஒப்படைத்தால் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்பது 2020-ஆம் ஆண்டு அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கின் நிலைப்பாடு. நகலைத் தாக்கல் செய்வதென்றால் பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63-இன்படியான சான்றிதழ் வேண்டும். அது இரண்டு பகுதிகள் கொண்டது, இரண்டாம் பகுதியில் நிபுணர் கையொப்பமிட வேண்டும். தானாக மறையும் செய்தி அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். செய்தி வந்த நாள், நேரம், எண் மூன்றும் தெரியும்படி திரைப்பதிவு எடுங்கள். முன்னனுப்பிய செய்தி என்றால் முதலில் பெற்றவரின் கைப்பேசியும் அவருடைய சாட்சியமும் தேவைப்படும். வேலை மறுக்கப்பட்டவுடன், சினத்தைக் காட்டாமல், "என்ன காரணம் என்று தெரிவித்தால் நன்று" என ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்கு அது சான்றாகும்.

முதல் தகவல் அறிக்கைக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவை என்று நிலைய அதிகாரி சொன்னால், 2018-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 18-ஏ அதைத் தேவையில்லை என்கிறது என்று எடுத்துக் கூறுங்கள். விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி அளிக்கிறது.

அந்த இளைஞருக்கு வருகிறேன். சான்று வலுவானது, தரகர்தான் தயங்குகிறார், அவருடைய பிழைப்பு அதே தெருவில். இளைஞரின் தந்தையும் தறிக்காரர். வேலை மறுத்த நிறுவனத்தாரின் உறவினரிடமிருந்துதான் அவருக்குப் பாவு வருகிறது. வாங்கிய முன்பணம் இன்னும் அடைபடவில்லை. "அத முடிச்சுட்டுப் பாத்துக்கலாம்டா" என்று தந்தை சொல்லியிருக்கிறார். குடிமை உரிமைச் சட்டத்தின்படியான குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க ஓராண்டுதான் கெடு. அது முடிய இன்னும் சில வாரங்களே உள்ளன. வன்கொடுமைச் சட்டத்தின் இந்தப் பிரிவுகளுக்கு ஐந்தாண்டு வரை தண்டனை இருப்பதால் அப்படிக் காலவரம்பு எதுவும் இல்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். குரல் பதிவு அவருடைய பழைய கைப்பேசியில், அதே சிம் அட்டையோடு, அழிக்கப்படாமல் இருக்கிறது.